டை மாற்றவே இரண்டு மணி நேரம் ஆகிறது, சின்ன பிரஸ் ஷாப் போட்டியில் எப்படி நிற்பது?

சேதராப்பட்டு பிரஸ் (ஞாயிறு இரவு 9:40)

வணக்கம். புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில், அதாவது தகட்டை டை என்ற அச்சில் வைத்து அழுத்திப் பாகம் அடிக்கும் இடத்தில், உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 42 பேர், 63 டன்னிலிருந்து 160 டன் வரை அழுத்தும் ஆறு பவர் பிரஸ். மின்பெட்டிக்கான பிராக்கெட், கிளாம்ப், வண்டிப் பாகங்கள் கொஞ்சம். ஒரகடம் பக்கம் இருக்கும் எங்கள் பெரிய வாடிக்கையாளர் போன மாதம் இரண்டு விஷயம் சொல்லிவிட்டார். விலையில் 5 சதவீதம் குறைக்க வேண்டும், வாரம் ஒரு லோடு அனுப்புவதை விட்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்ப வேண்டும்.

போன வருஷம் ஒரு ஆலோசகரை வைத்து 5எஸ், அதாவது வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் முறை, செய்தோம். தரையில் மஞ்சள் கோடு போட்டோம், ஸ்பானர் மாட்ட நிழல் பலகை வைத்தோம், சனிக்கிழமை சாயங்காலம் மதிப்பெண் போட்டோம். நான்கு மாதம் பார்க்க அழகாக இருந்தது. இன்றைக்கு அந்தப் பலகையில் பாதி ஸ்பானர் இல்லை, மஞ்சள் கோட்டுக்கு மேலேயே ஸ்கிராப் தொட்டி நிற்கிறது. லாபத்தில் ஒரு ரூபாய் மாற்றம் இல்லை.

முதலாளி இன்னொரு 160 டன் பிரஸ் வாங்கலாமா என்று கேட்கிறார். எனக்கு மனது ஒப்பவில்லை, ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. இதில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

வில்லியனூர் மெஷின் (ஞாயிறு 10:15)

வாங்கிவிடுங்கள். பழைய பிரஸ்ஸை வைத்துக்கொண்டு விலை குறைக்க முடியாது. முடிந்தால் சர்வோ பிரஸ்ஸாகவே பாருங்கள், மின்சாரமும் மிச்சமாகும்.

பழைய டூல்ரூம் (திங்கள் காலை 6:20)

தம்பி, நான் கடலூர் முதுநகர். 31 வருஷம் டூல்ரூமில், டை செய்து பழுது பார்க்கும் பிரிவில், இருந்து ஓய்வு பெற்றவன். வாங்குவதற்கு முன் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஒரு டை இறக்கி இன்னொரு டை ஏற்றி, முதல் நல்ல பீஸ் வரும்வரை எத்தனை நிமிடம்? அந்த 160 டன்னில் மொத்தம் எத்தனை பாகம் ஓடுகிறது? ஒரு தடவை டை ஏற்றினால் எத்தனை நாள் சரக்கு அடித்து வைக்கிறீர்கள்?

இதற்குப் பதில் தெரியாமல் வாங்கும் பிரஸ், இன்னும் ஒரு டை காத்துக் கிடக்கும் இடமாகத்தான் ஆகும்.

சேதராப்பட்டு பிரஸ் (திங்கள் மதியம் 1:30)

ஐயா, 160 டன்னில் 18 பாகம். டை மாற்ற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் ஷிஃப்டுக்கு ஒரு தடவைதான் மாற்றுவோம். இரண்டு ஷிஃப்ட். ஏற்றிவிட்டால் ஒன்பது, பத்து நாள் சரக்கு அடித்துவிடுவோம்.

பழைய டூல்ரூம் (திங்கள் இரவு 8:05)

உங்கள் வாயாலேயே பதில் வந்துவிட்டது பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு டை, 18 பாகம், அப்படியென்றால் ஒரு சுற்று வர ஒன்பது வேலைநாள். வாடிக்கையாளர் தினமும் கேட்டால் ஒன்பது நாள் சரக்கைக் கிடங்கில் வைத்துத்தான் கொடுக்க முடியும். இரண்டு மணிக்கு மேல் என்றீர்கள், 130 நிமிடம் என்று வைப்போம், அதை 30 ஆக்குங்கள், அதே நிறுத்த நேரத்தில் ஷிஃப்டுக்கு நான்கு டை மாற்றலாம், நாளைக்கு எட்டு. 18 பாகமும் இரண்டேகால் நாளில் ஒரு சுற்று வந்துவிடும். கிடங்குச் சரக்கு கால்வாசி ஆகும்.

முடியுமா என்று கேட்பீர்கள். ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் 1950-இல் ஹிரோஷிமாவில் ஒரு கார் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே 800 டன் பிரஸ்ஸில் டை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு போல்ட்டைக் காணோம். அதைத் தேடி ஆள் அலைந்து, கடைசியில் வேறு பிரஸ்ஸின் நீளமான போல்ட்டை எடுத்து வெட்டி மரை போட்டுக்கொண்டு வந்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிரஸ் சும்மா நின்றது. அங்கேதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. டை மாற்றும் வேலையில் பிரஸ் நின்றால்தான் செய்ய முடியும் என்பது ஒரு பங்கு, பிரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்து முடித்திருக்கலாம் என்பது இன்னொரு பங்கு. இரண்டையும் கலந்து செய்வதால்தான் நேரம் போகிறது. பிறகு 1969-இல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ்ஸுக்கு நான்கு மணி நேரம் ஆனதை முதலில் ஒன்றரை மணி நேரமாக்கினார்கள், அப்புறம் அதையே மூன்று நிமிடமாக்கினார்கள். உங்களுக்கு மூன்று நிமிடம் தேவையில்லை, 30 போதும்.

ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த டை மாற்றத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை செல்போனில் பிடியுங்கள். டை ஏற்றும் செட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர் சம்மதித்த பிறகு. ஒளிந்து பிடிக்காதீர்கள். பிறகு அந்த செட்டரோடு உட்கார்ந்து பாருங்கள், முதலாளியோடு அல்ல.

திருபுவனை ஆபரேட்டர் (திங்கள் 11:10)

நான் பிரஸ் ஆபரேட்டர், திருபுவனை பக்கம். பெரியவர் சொன்னதில் கடைசி வரி எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இதை எங்கள் பக்கமிருந்தும் பாருங்கள். எங்களிடமும் ஒருமுறை இப்படித்தான் வீடியோ எடுத்தார்கள். நேரம் குறைந்தது. அடுத்த மாதமே ஒப்பந்தத் தொழிலாளர் நான்கு பேரை நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் எங்களில் யாரும் ஒரு யோசனையும் சொன்னதில்லை, இனி சொல்லவும் மாட்டோம். ஒரு டையில் சுத்தியலால் தட்டினால்தான் அதன் 'பின்' (pin) உட்காரும் என்று எனக்குத் தெரியும், அதைச் சரி செய்ய அரை நாள் டூல்ரூம் வேலைதான். சொல்லவில்லை. சொன்னால் யாருக்கு வேலை போகும் என்றுதான் முதலில் யோசிக்கத் தோன்றுகிறது.

இன்னொன்று, உங்கள் ஊக்கத்தொகை எப்படி? எங்களுக்கு ஸ்ட்ரோக் கணக்கு, பிரஸ் எத்தனை தடவை அடித்தது என்று. ஒரு நாளில் நான்கு டை மாற்றினால் ஸ்ட்ரோக் குறையும், என் கையில் காசு குறையும். ஒரே பாகம் பெரிய லாட்டாக ஓடினால்தான் எனக்கு லாபம். அப்படி இருக்கும்போது சின்ன லாட் அடி என்றால் நான் ஏன் வேகமாக டை மாற்றுவேன்?

பழைய டூல்ரூம் (செவ்வாய் 6:00)

தம்பி திருபுவனை, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இதை என் காலத்தில் ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தால் பல வருஷம் மிச்சமாகியிருக்கும்.

லாஸ்பேட்டை கணக்கு (செவ்வாய் 12:45)

நான் கணக்காளர், இரண்டு மூன்று சின்ன யூனிட்டுகளுக்குக் கணக்கு பார்க்கிறேன். என் தாத்தா மில் தொழிலாளி. புதுச்சேரியில் பிறந்த யாருக்கும் ஜூலை 30 தெரியும். 1936-இல் அன்றுதான் வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் பிரெஞ்சிந்தியாவில் 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. இந்த ஊரில் திறன் கூட்டுகிறோம் என்று யார் வந்து சொன்னாலும் அது யாருடைய முதுகில் ஏறும் என்று தொழிலாளி கேட்பது நியாயம்தான்.

அதே சமயம் ஒன்று சொல்ல வேண்டும். டொயோட்டாவின் மூல யோசனையே தறியிலிருந்து வந்தது. சாகிச்சி டொயோடா 1924-இல் முடித்த தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். கெட்ட துணியை நெய்துகொண்டே போகாது, அதைக் காவல் காக்க ஒரு ஆளும் நிற்க வேண்டாம். கார் தொழிற்சாலையில் அதே யோசனைதான் ஒரு கயிறாக மாறியது. தப்பு தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் அதை இழுத்து லைனை நிறுத்தலாம். நான் கணக்கு பார்க்கும் யூனிட்டுகளில் மெஷினை நிறுத்தும் உரிமை ஆபரேட்டருக்கு இருக்கிறதா என்று கேட்டால், சூப்பர்வைசரைக் கேட்க வேண்டும் என்பார்கள். அவர் டீ குடிக்கப் போயிருந்தால் அதற்குள் 300 பீஸ் பிசிறோடு விழுந்திருக்கும்.

சேதராப்பட்டு சார், உங்கள் பேலன்ஸ் ஷீட்டில் கையிருப்புச் சரக்கு எவ்வளவு? பாதி செய்ததும் முடிந்ததும் சேர்த்து?

சேதராப்பட்டு பிரஸ் (செவ்வாய் 3:20)

மேடம், சுமார் 36 லட்சம்.

லாஸ்பேட்டை கணக்கு (செவ்வாய் 9:00)

கணக்குப் புத்தகத்தில் அது சொத்து. அதனால்தான் யாரும் அதைப் பார்த்துப் பயப்படுவதில்லை. பெரியவர் சொன்னபடி கால்வாசி ஆனால் 9 லட்சம், மீதி 27 லட்சம் பணமாகத் திரும்பும். வங்கியின் கேஷ் கிரெடிட் கடன் வட்டி 11 சதவீதம் என்று வைத்தால் வருஷத்துக்கு ஏறத்தாழ 3 லட்சம் வட்டி மட்டும். அப்புறம் மழைக்காலத்தில் துருப்பிடித்து மறுபடி பாலிஷ் போடுவது, வாடிக்கையாளர் டிசைன் மாற்றினால் ஸ்கிராப்புக்குப் போவது, தேடுவதற்கு ஆள், வைக்க இடம். இதெல்லாம் சேர்த்தால் அவர் கேட்கும் 5 சதவீதத்தில் நல்ல பங்கு அந்தக் கிடங்கிலேயே கிடக்கிறது. புது பிரஸ்ஸுக்குக் கடன் வாங்கினால் அதற்கு ஒரு மாதத் தவணை வேறு வரும்.

குடிகாடு ரியாக்டர் (புதன் காலை 7:30)

நான் கடலூர் சிப்காட்டில் ரசாயனப் பிரிவு. எங்களுக்கு டை இல்லை, ஒரு சரக்கு முடிந்து அடுத்த சரக்குக்கு ரியாக்டரைக் கழுவுவதுதான் எங்கள் மாற்ற நேரம். கழுவிய நீரில் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்போம். கழுவ மூன்று மணி, ரிசல்ட் வர ஐந்து மணி. யாரும் லேபைக் கணக்கில் எடுத்ததே இல்லை, அது வேறு டிபார்ட்மென்ட் என்பதால். லேப் மேலாளரும் உற்பத்தி மேலாளரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் அந்த ஐந்து மணி ஒன்றரை ஆனது. புது கருவி ஒன்றும் வாங்கவில்லை, மாதிரி வரும் நேரத்தை ஒரு மணி முன்னாலேயே லேபுக்குச் சொன்னோம், அவ்வளவுதான். உங்கள் வீடியோவிலும் தரம் பார்க்கும் கியூசி ஆள் வரும் நேரத்தைத் தனியாகக் குறித்துப் பாருங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. நேரம் குறைக்கும்போது பாதுகாப்பில் கை வைத்துவிடாதீர்கள். பிரஸ்ஸில் மெயின் ஆஃப் செய்தாலும் ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அது நிற்கும்வரை காத்திருப்பது, மெயினுக்குப் பூட்டுப் போடுவது, மேலிருந்து இறங்கி அடிக்கும் ராம் கீழே வராமல் முட்டுக்கட்டை வைப்பது, இந்த மூன்றும் குறைக்கக்கூடாத நேரம். போட்டி நேரம் வைத்து வேகமாக மாற்றச் சொன்னீர்கள் என்றால் யாராவது விரலை இழப்பார்.

வில்லியனூர் மெஷின் (புதன் 10:00)

இதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஷாப்பில் பழைய கீ கிளட்ச் பிரஸ் ஒன்று, மிதிக்காமலே இரண்டாவது ஸ்ட்ரோக் அடித்துவிட்டது. அதில் வேலை செய்த பையனுக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. புது பிரஸ் வாங்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய டூல்ரூம் (புதன் 6:40)

அந்தக் காரணத்துக்காக வாங்குவது வேறு, அதற்கு யாரையும் கேட்கவே வேண்டாம். கொள்ளளவுக்காக வாங்குவதைத்தான் வேண்டாம் என்றேன்.

சேதராப்பட்டு பிரஸ் (10 நாள் கழித்து)

வீடியோ எடுத்தோம். முதலில் முதலாளியிடம் போய் நேரம் குறைந்தால் ஒருவரையும் நிறுத்தக்கூடாது, மிஞ்சும் ஆட்களை வெளியே கொடுத்திருக்கும் ஸ்பாட் வெல்டிங் வேலைக்குத் திரும்பக் கொண்டுவரலாம் என்று சொன்னேன். இரண்டு நாள் யோசித்தார். பிறகு அவரே ஷாப்புக்கு வந்து எல்லோர் முன்னாலும் சொன்னார், எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டினார், ஒப்பந்தத் தொழிலாளருக்கும் பொருந்தும் என்று சேர்த்து. திருபுவனை நண்பருக்கு நன்றி, நீங்கள் எழுதாவிட்டால் எனக்கு இது தோன்றியிருக்காது.

மொத்தம் 132 நிமிடம். ஃபோர்க்லிஃப்டுக்குக் காத்திருந்தது 17. டை எங்கே, போல்ட் எங்கே, டைக்கு அடியில் வைக்கும் சரியான பேரலல் கட்டை எங்கே என்று தேடியது 22. பழைய டை இறக்க 14, புது டை கொண்டுவந்து ஏற்ற 16. மையம் பார்த்து ஷட் ஹைட், அதாவது பிரஸ் மூடும்போது டைக்கு இருக்கும் உயரம், சரி செய்ய 31. முதல் பீஸ் அடித்து கியூசி பார்த்துச் சரி சொல்ல 32, அதில் கியூசி ஆள் வரவே 24.

செட்டர் அண்ணன் 19 வருஷமாக இந்த வேலை செய்கிறார். வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "இதில் நான் வேலை செய்ததை விட நடந்ததுதான் அதிகம்". அதன் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. ஒவ்வொரு டைக்கும் அடியில் தட்டு போட்டு எல்லாவற்றையும் ஒரே உயரமாக்கினால் ஷட் ஹைட்டைத் தொடவே வேண்டாம் என்றார். போல்ட்டை முழுக்கக் கழற்றாமல் வெட்டு விட்ட வாஷர் போட்டால் இரண்டு சுற்றில் இளகிவிடும் என்றார். போன ஓட்டத்தின் கடைசிப் பீஸை டையோடேயே கட்டி வைத்தால் அடுத்த முறை முதல் பீஸை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். இதையெல்லாம் ஆறு வருஷத்துக்கு முன்பே ஒரு சூப்பர்வைசரிடம் சொன்னாராம். அப்போது கிடைத்த பதில், "நீ டை மாற்று, யோசனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்". கேட்டு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அரியாங்குப்பம் ஸ்டோர்ஸ் (அதே நாள்)

தினமும் ஒரகடத்துக்கு வண்டி விட்டால் வாடகை உங்களைத் தின்றுவிடும். திண்டிவனம் வழியாக அதே பக்கம் சரக்கு அனுப்பும் யூனிட்டுகள் உங்கள் எஸ்டேட்டிலேயே இருக்கும். மூன்று பேர் சேர்ந்து ஒரே வண்டியில் பகிர்ந்து அனுப்புங்கள், வரும்போது காலித் தொட்டிகளைத் திருப்பிக் கொண்டுவரட்டும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

லாஸ்பேட்டை கணக்கு (மறுநாள்)

ஆலோசகர் மறுபடி வேண்டும் என்றால் சொந்தக் காசு போடாதீர்கள். 2023 மார்ச்சில் மத்திய அரசு சிறு தொழில்களுக்கான லீன் (வீணைக் குறைக்கும் உற்பத்தி முறை) திட்டத்தைப் புதுப்பித்து அறிவித்தது. உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இருந்தால் போதும். அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்று மூன்று படி. அடிப்படைப் படி இலவசம், மற்ற இரண்டிலும் ஆலோசகர் செலவில் 90 சதவீதம் அரசு கொடுக்கிறது. பெண்கள் அல்லது எஸ்சி, எஸ்டி பிரிவினர் நடத்தும் யூனிட்டுக்கு இன்னும் 5 சதவீதம் கூடுதல். ஆனால் வருபவர் முதல் வாரம் அலுவலகத்தில் உட்கார்ந்தால் திருப்பி அனுப்புங்கள், பிரஸ் பக்கத்தில் நிற்பவராக இருக்க வேண்டும்.

சேதராப்பட்டு பிரஸ் (இரண்டு மாதம் கழித்து)

160 டன்னில் இப்போது 34 நிமிடம். ஆனால் இதை எழுதுவது அதற்காக அல்ல. நடுவில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

முதல் மாதக் கடைசியில் நேரம் 45-க்கு வந்துவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். கிடங்கைப் பார்த்தால் சரக்கு குறையவில்லை, கூடியிருக்கிறது. 36 லட்சம் 39 ஆகிவிட்டது. ஏன் என்று பார்த்தால், மிச்சமான நேரத்திலெல்லாம் பிளானிங் பிரிவு இன்னும் அதிகமாக அடிக்க வைத்திருக்கிறது. மெஷின் சும்மா நிற்கக்கூடாது என்பதுதான் அவர்கள் பழக்கம், மாதக் கடைசியில் என்னிடமும் மெஷின் எத்தனை சதவீதம் ஓடியது என்றுதான் கேட்பார்கள். ஆபரேட்டருக்கு ஸ்ட்ரோக் கணக்கு, அவரும் ஓட்டத்தான் செய்வார். யார் மேலும் தப்பில்லை, ஒவ்வொருவரும் தன்னை எதை வைத்து அளக்கிறார்களோ அதைச் சரியாகச் செய்தார்கள். நாங்கள் டையை மாற்றினோம், அளவுகோலை மாற்றவில்லை.

அங்கேதான் உண்மையான சண்டை வந்தது. முதலாளி, பிளானிங், கியூசி, செட்டர், ஆபரேட்டர்கள் சார்பில் இருவர், நான், எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மதியம் மூன்று வரை. முடிவில் ஸ்ட்ரோக் ஊக்கத்தொகையை எடுத்துவிட்டோம். கடந்த ஆறு மாதத்தில் ஒவ்வொருவருக்கும் கிடைத்த சராசரியை அப்படியே அடிப்படையில் சேர்த்துவிட்டு, அதற்கு மேல் அன்றைய திட்டத்தில் எந்தெந்தப் பாகம் எத்தனை வேண்டுமோ அது நல்ல பீஸாக வந்துவிட்டால் செட்டர், கியூசி உட்பட மொத்தக் குழுவுக்கும் ஒரு தொகை. முதலாளிக்கு இது கஷ்டமாகத்தான் இருந்தது, முன்பணமாகக் கொடுப்பது போல இருக்கிறது என்றார். கொடுத்தார்.

ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று தொட்டி, தொட்டிக்கு ஒரு அட்டை. தொட்டி காலியானால் அட்டை பிரஸ்ஸுக்கு வரும், அட்டை வராமல் டை ஏறக்கூடாது. அட்டை இல்லாத நேரத்தில் பிரஸ் நிற்கட்டும், அந்த நேரத்தில் டை துடைப்பது, எண்ணெய் போடுவது, அடுத்த டையைத் தயார் செய்வது. முதல் இரண்டு வாரம் பிரஸ் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கே கை துறுதுறுத்தது, ஓடவிடலாமே என்று. முதல் பீஸை ஆபரேட்டரே கேஜ் வைத்துப் பார்த்து ஓட்டலாம், சந்தேகம் இருந்தால் நிறுத்தலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

இன்றைக்குக் கிடங்கில் 17 லட்சம். விலையில் 3 சதவீதம் குறைத்துக் கொடுத்தோம், 5 முடியாது என்று காரணத்தோடு சொன்னோம், ஏற்றுக்கொண்டார்கள். பக்கத்து யூனிட் இரண்டோடு சேர்ந்து தினமும் வண்டி போகிறது.

திருபுவனை ஆபரேட்டர் (அன்றிரவு)

ஆள் நிறுத்தினீர்களா?

சேதராப்பட்டு பிரஸ் (அன்றிரவு)

இல்லை. மூன்று பேர் ஸ்பாட் வெல்டிங்குக்குப் போயிருக்கிறார்கள், 42 பேர் அப்படியே.

பழைய டூல்ரூம் (மறுநாள் காலை 5:50)

தம்பி, அமெரிக்காவில் ஃப்ரிமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை 1982-இல் மூடப்பட்டது. ஆட்கள் சரியாக வேலைக்கு வருவதில்லை, ஓயாத சண்டை என்று பெயர் வாங்கிய இடம். 1984-இல் டொயோட்டாவும் அவர்களும் சேர்ந்து அதையே திறந்தார்கள், அதே தொழிற்சங்கம், பெரும்பாலும் அதே ஆட்கள். கொஞ்ச காலத்தில் அமெரிக்காவிலேயே நல்ல தரத்துக்குப் பேர் வாங்கியது. ஆனால் அங்கே கற்றதை ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோகப் பல வருஷம் திண்டாடியது. வேலை நடக்கும் தளத்தில் மாறியது, மேலே இருந்தவர்கள் அளக்கும் விதம் மாறவில்லை. உங்கள் 39 லட்சக் கதையைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்து 110 டன்னா?

சேதராப்பட்டு பிரஸ் (மறுநாள் காலை 8:10)

ஆமாம் ஐயா. இந்த முறை வீடியோ எடுப்பது செட்டர் அண்ணன். நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரோடு நடக்கப் போகிறேன், 17 நிமிடம் ஏன் காத்திருந்தோம் என்று இன்னும் சரியாகப் புரியவில்லை, டை ரேக்கையே பிரஸ் பக்கம் நகர்த்தி உருளை மேசை வைத்தால் ஓட்டுநர் தேவையே இருக்காது என்கிறார் செட்டர் அண்ணன். ரேக்கை நகர்த்தினால் மழைத்தண்ணீர் வரும் மூலைக்குப் பக்கத்தில் வரும். அதற்கு யாராவது வழி கண்டிருந்தால் எழுதுங்கள்.